பெட்டியில் போடும் எண்

ஷின்சூ அலுவலகத்தில் ஒரு கணினிச் சில்லுக்காகப் பெய்யூ வடிவமைத்த துணைச் செயலி, அதாவது புராசஸர், மிகச் சிறியது. கையடக்கக் கணினி உறங்கும்போது அது மட்டும் விழித்திருந்து குரலுக்குக் காதுகொடுக்கும். அதே சில்லிலுள்ள எட்டுப் பெரிய செயலிகளும் ஓய்வெடுக்கும்.

"உன்னோடத எடுத்துட்டா இன்னும் ரெண்டு பெருசு வைக்கலாம். பெட்டியில பத்துன்னு போடலாம்ல?" என்றார் மேலாளர் லியாவ்.

"அப்புறம் குரலைக் கேக்கப் பெருசுங்கதான் முழிச்சிருக்கணும். சும்மா வச்சிருந்தாலே மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீந்துடும், அண்ணே."

"வாங்குறவன் மத்தியானம் வரைக்கும் கடையிலயா நிப்பான்?"

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

தன் செயலியின் சோதனைப் பலகை மக்கர் பண்ணாதிருக்க, அந்த ஊர் நம்பிக்கைப்படி, பெய்யூ அதன்மேல் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தாள். வேலையிலிருக்கும் கருவியின் பொட்டலத்தை அங்கே யாரும் தொடமாட்டார்கள்; கருவியை ஓரங்கட்டிய பிறகுதான் பிரிப்பார்கள். லியாவ் அதைப் பிரித்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, அவளிடமும் நீட்டினார்.

பெய்யூ ஒன்று எடுத்துக்கொண்டாள்.