வரப்பில் கட்டிய சிவப்பு நூல்

பட்டாம்பூச்சியைப் படம் எடுக்க வந்தவளாம். மாசி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பருத்திக் கொல்லை வரப்பில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முழ நீளக் கேமராவை முகத்தில் ஒட்டிக்கொண்டு, களைப்பூண்டு ஒன்றை அரைமணி நேரமாக உற்றுப் பார்க்கிறாள் ஒருத்தி. கேட்டால் பூச்சிக்காக என்கிறாள். ராசாத்தி ஒன்றும் காதில் பூச்சுற்றிக்கொண்டு நிற்பவள் இல்லை.

"எந்த ஊருங்க?" என்றாள்.

"பெரம்பலூர்க்கா. அங்க ஒரு காலேஜ்ல பாடம் எடுக்குறேன். பேரு தென்றல்."

"ஏன், பெரம்பலூர்ல பட்டாம்பூச்சி இல்லியா?"

"இருக்குக்கா. ஆனா ஆடுதீண்டாப்பாளை உங்க வரப்புல மண்டிக் கெடக்கற மாதிரி எங்கயும் இல்ல. ரோஜா அழகின்னு ஒரு பூச்சி, அது இந்தச் செடியிலதான் முட்டை வைக்கும். சனிக்கெழமை சனிக்கெழமை வந்து பாத்துட்டுப் போயிடுறேன். வரப்புல நடந்தா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"நடங்க, அதுக்கென்ன" என்றாள் ராசாத்தி. வந்தவளை முகத்துக்கு நேரே போ என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆடுகூட வாய் வைக்காத பூண்டுக்கு இத்தனை மவுசு ஏது என்று அன்று முழுக்க மனம் குடைந்தது.

அவள் சந்தேகப்பட்டதில் குற்றம் சொல்ல முடியாது. அரியலூருக்கு மேற்கே இருந்த அவளுடைய அப்பா வீட்டுக் கொல்லையும் இப்படித்தான் போயிற்று. முதலில் ஒருவன் வந்தான். தண்ணீர் மட்டம் பார்க்கிறேன் என்றான். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தான், நல்லா இருக்கு என்று இன்னொரு சொம்பும் கேட்டான். அடுத்த மாதம் எல்லைக் கல்லில் சிவப்பு பெயின்ட், பனைமரத்தில் சிவப்புத் துணி. அதற்கடுத்து சுரங்கக் கம்பெனியிடமிருந்து வீட்டுக்குக் காகிதம் வந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம்தான் இருக்கிறது. புளியமரம் எங்கே நின்றது என்று ராசாத்தியால் கை காட்டக்கூட முடியாது. புருஷன் பழனிவேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்கிறான். இந்த ஒன்றரை ஏக்கரும் போய்விட்டால் அவளுக்குக் காலூன்ற வேறு இடமில்லை.

இரண்டாவது சனிக்கிழமை தென்றல் ஒரு நோட்டு கொண்டுவந்தாள். செடி செடியாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்ப்பாள், படம் எடுப்பாள், நோட்டில் எதையோ எழுதுவாள். பருத்தி எடுக்கிற சாக்கில் ராசாத்தி பின்னாலேயே போனாள். எட்டிப் பார்த்ததில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான் கண்ணில் பட்டது. பூச்சிக்கு எதற்கடி நம்பர் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் ராசாத்தி வரப்பைச் சுற்றி வந்தாள். பதினோரு செடியில், தண்டைச் சுற்றி, சிவப்பு நூல் கட்டியிருந்தது.

உடனே திருப்பூருக்கு போன் போட்டாள்.

"நூலா? நூலக் கட்டியா நெலத்த எடுப்பாங்க? வெயில்ல நின்னு நின்னு ஒனக்கு மண்டை கொழம்பிப்போச்சு" என்றான் பழனிவேல். "எதுக்கும் அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிவை."

பழனிவேலின் அண்ணன் முத்துசாமியின் கொல்லை அடுத்த கொல்லைதான். பாகம் பிரித்தபோது நடுவில் போட்ட வரப்பு ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? போன மாதம் உடையார்பாளையம் டீக்கடையில் அவரும் நிலத் தரகர் செல்லக்கண்ணுவும் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்ததை ராசாத்தி பஸ்ஸிலிருந்து தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். தம்பி ஊரில் இல்லை, பொம்பளை தனியாக இருக்கிறாள், அவள் பக்கத்தைக் காட்டிவிட்டுத் தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று மனுஷன் கணக்குப் போட்டிருந்தால்? அவர் பெண்டாட்டி அம்பிகா மட்டும் என்ன, அந்த மனுஷனுக்கு ஏற்ற ஆள்தானே? ராத்திரி படுத்தபோது சந்தேகமாக இருந்தது, காலையில் எழுந்தபோது ராசாத்திக்கு நிச்சயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கொல்லைக்குப் போனாள். பதினோரு நூலையும் அவிழ்த்தாள். நடு வரப்பைத் தாண்டி, அம்பிகா கொல்லையின் கீழண்டை வரப்புக்குப் போய், கைக்கு அகப்பட்ட செடியில் ஒன்று விடாமல் கட்டினாள். கம்பெனிக்காரன் வந்தால் நூல் இருக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். கை நடுங்கியது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் நடுங்கவில்லை, முடிச்சு ஒவ்வொன்றும் கச்சிதமாக விழுந்தது.

திங்கட்கிழமை அம்பிகா ஓடிவந்தாள். முந்தானை தரையில் புரள்வதுகூடத் தெரியவில்லை.

"ராசாத்தி, எங்க கொல்லையில செவப்பு நூலக் கட்டிட்டுப் போயிருக்கானுவடி! அந்தக் கேமராக்காரி வேலைதான் இது. உங்க அப்பா வூட்டுக்கு நடந்த மாதிரியே நடக்கப்போவுது."

"அய்யய்யோ, அப்படியாக்கா?" என்றாள் ராசாத்தி.

"ஒங்க பக்கம்?"

"இல்லக்கா. பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

"அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்துச்சு. நீயாச்சும் பொழைச்சுக்க" என்று சொல்லி அம்பிகா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ராசாத்திக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அழுகிறவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தன் கொல்லை தப்பியது என்ற நிம்மதியும் உள்ளே இருக்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நிம்மதி போய்விட்டது. முத்துசாமியே வாசலில் வந்து நின்று சொன்னார்.

"நூலக் கட்டிட்டானுவ, இனிமே கம்பெனி நோட்டீஸ் வந்துட்டா வருஷக் கணக்கா ஆபீஸ் வாசல்ல நிக்கணுமாம். அதுக்கு முன்னால கெடைச்ச வெலைக்குக் குடுத்துடுறதுதான் புத்தின்னு செல்லக்கண்ணு சொன்னான். இன்னிக்கு அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டாச்சு. பதிவு அடுத்த வாரம்."

"வாங்குறது யாரு மாமா?"

"யாரு, சொரங்கத்துக்காரனுவதான். செல்லக்கண்ணு அவனுவ ஆளு. ஒரு எடம் கெடைச்சா போதும், அங்கேருந்து வெட்ட ஆரம்பிச்சுடலாம்னு அலைஞ்சானுவ."

ராசாத்திக்கு அப்போதுதான் உறைத்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் வெடி வைத்தால் இந்தப் பக்கம் என்ன மிஞ்சும்? தன் கையாலேயே சுரங்கத்தைக் கூட்டிக்கொண்டுவந்து பக்கத்துக் கொல்லையில் உட்கார வைத்திருக்கிறாள். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், அந்தக் கேமராக்காரி கம்பெனி ஆள்தான், எப்படியும் இது நடந்திருக்கும் என்ற ஒரு பிடி மட்டும் இருந்தது. அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ராசாத்தி கொல்லையில் கடைசிப் பருத்தி எடுப்பு. ஒருத்தி கொல்லைக்கு இன்னொருத்தி கைமாற்றாக வருவது வழக்கம். அம்பிகா அழுது வீங்கிய முகத்தோடு அன்றும் வந்துவிட்டாள். இருவரும் நிரை பிடித்துப் போய்க்கொண்டிருந்தபோது தென்றல் வரப்பில் வேகமாக வந்தாள்.

"அக்கா, நான் கட்டுன நூலை யாராச்சும் அவுத்தாங்களா? இங்க ஒண்ணுகூட இல்ல. வர்ற வழியில பாத்தா, அந்தக் கொல்லையில கட்டியிருக்கு. அதுவும் துத்திச் செடியில! துத்தியில இந்தப் பூச்சி முட்டையே வைக்காதுக்கா."

அம்பிகா நிமிர்ந்தாள். "பூச்சிக்கா கட்டுன?"

"ஆமாங்க. எந்தச் செடியில முட்டை இருக்குன்னு மறந்துடக் கூடாதுல்ல? அடுத்த வாரம் வந்து புழு வந்துச்சான்னு பாக்கணும். இந்தாங்க, பாருங்க, போன சனிக்கெழமை எடுத்த படம்."

கேமராவின் பின்பக்கத் திரையை அம்பிகாவிடம் நீட்டினாள். இலைக்கு அடியில் கேழ்வரகு போல நாலைந்து முட்டை, தண்டில் சிவப்பு நூல். பின்னால், கூரையில் பூசணிக்கொடி படர்ந்த ராசாத்தியின் மோட்டார் கொட்டகை. சுவரில் பழனிவேல் பெயர் எழுதியிருந்ததுகூடத் தெரிந்தது.

அம்பிகா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ராசாத்தியைப் பார்த்தாள்.

"நீயா?"

ஆடு மேய்க்கிறவர்கள் என்று சொல்லியிருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கலாம். ராசாத்திக்குப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. திங்கட்கிழமை தன் தோளில் அழுதவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"கம்பெனிக்காரின்னு நெனச்சேங்க்கா."

"அதனால எங்க கொல்லை போவட்டும்னு கட்டுன."

"ஆமாக்கா."

அம்பிகா சத்தம் போடவில்லை. "ஒரு வருஷமா செல்லக்கண்ணு எங்க மனுஷன டீக்கடைக்கும் வூட்டுக்கும் வெரட்டி வெரட்டிக் கேட்டான். நான்தான் குடுக்கக் கூடாதுன்னு மல்லுக்கட்டுனேன். பக்கத்துல வெடி வச்சா ராசாத்தி என்னத்த வெள்ளாம பண்ணுவா, அவ ஏற்கெனவே ஒரு கொல்லைய எழந்துட்டு வந்தவன்னு."

தென்றலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பயந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ராசாத்தி, "அக்கா" என்றாள்.

அம்பிகா மடியில் இருந்த பருத்தியை ராசாத்தியின் குவியலில் உதறிக் கொட்டினாள். ஒட்டியிருந்த பஞ்சையும் பிய்த்துப் போட்டாள். பிறகு வரப்பைத் தாண்டி, இன்னும் ஒரு வாரத்துக்கு அவளுடையதாக இருக்கப்போகிற கொல்லைக்குள் இறங்கி நடந்தாள்.