அரை நிமிடம் முந்திய குரல்

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கல்லூரியின் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை நாங்கள் டிவியில்தான் பார்ப்போம். ஆனால் டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு, காதை ரேடியோவுக்குக் கொடுப்போம். டிவிக்காரர்களுக்கு எங்கள் பையன்களின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. ரேடியோவில் வர்ணனை செய்பவன் என் கணவன் வர்ஜில். கல்லூரிக்கு அவன்தான் குரல்.

அதில் மண்ணைப் போட்டது, எங்கள் கல்லூரி சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு. ஒளிபரப்பு உரிமை மொத்தத்தையும் ஓர் இணைய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பார்க்கும் கூட்டத்தைப் பெருக்க வேண்டுமாம், கலிபோர்னியாக் கல்லூரிகளையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டார்கள். முன்பெல்லாம் எப்போதாவது வெளியூர் ஆட்டத்துக்குச் சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் கட்டிக்கொண்டு காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இப்போது விமானம் ஏற வேண்டும். யாரால் முடியும்? அதுகூடப் போகட்டும். இணையத்தில் வரும் படம் அரை நிமிடம் பிந்தி வருகிறது. ரேடியோவில் வர்ஜில் கத்தி முடித்த பிறகுதான் திரையில் பந்தே நகரும்.

"உன் புருஷன் முடிவைச் சொல்லிட்டு அப்புறம் கதைய ஓட்டுறாருடி. அந்த ரேடியோவ அணைச்சுத் தொலையேன்!" என்பாள் பக்கத்து வீட்டு மேவிஸ்.

ஊரே அணைத்துவிட்டது. எனக்குத்தான் மனசு வரவில்லை.

நவம்பரில் கடைசி ஆட்டம், கலிபோர்னியாவில். வர்ணனைக்காக வர்ஜிலும் அங்கே போயிருந்தான். எங்கள் மகன் டாலின்தான் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். போன வருடம் இடது முழங்காலில் அறுவை செய்திருந்தது. இன்னொரு முறை அடிபட்டால் ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய கல்லூரி ஒன்று அவன்மேல் கண் வைத்திருந்தது. இந்த ஆட்டத்தை நல்லபடியாக முடித்தால் அங்கே இடம் நிச்சயம்.

"கால் கல்லு மாதிரி இருக்கும்மா. நீ சும்மா பொலம்பாத," என்றான் காலையில் போனில்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. மேவிஸ் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து ரொட்டியைச் சில்லியில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"பந்து டாலின் கையில," என்றான் வர்ஜில் ரேடியோவில். "இடது பக்கம் திரும்புறான். ஒருத்தனைத் தாண்டிட்டான், அடேயப்பா! ரெண்டாவது ஆளு..."

அத்தோடு நின்றது. மழையிலும் தோல்வியிலும் வாய் ஓயாதவன் அவன். இப்போது கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதுவும் அடங்கியது.

திரையில் டாலின் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தின் வாரை மாட்டினான்.

"என்னடி, ரேடியோ கெட்டுப்போச்சா?" என்றாள் மேவிஸ்.

"என் புள்ளைக்குக் கால் போச்சு, மேவிஸ்."

"பைத்தியமா உனக்கு? அங்க பாரு, நல்லாத்தானே நிக்கிறான்!"

நான் எழுந்து டிவி முன்னால் போய் நின்றேன். "டாலின், வேணாம்டா! அந்தப் பந்த வாங்காதடா!" என்று கத்தினேன். அவன் குனிந்து தயாரானான். என்னால் தாங்க முடியவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். சற்று நேரத்தில் மேவிஸின் கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வர்ஜில் கூப்பிட்டான்.

"எனக்குப் பேச வாயே வரல, லொரெட்டா. நான் எதுவும் சொல்லல."

"அதனாலதான் தெரிஞ்சுது."

அவனே தொடர்ந்தான். "ஆனா அந்த மொத ஆளைத் தாண்டினான் பாரு! இத்தனை வருஷத்துல அப்படி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்ல. நீ பாத்தியா?"

"பாத்தேன்," என்றேன்.

ஆட்டம் இணையத்தில் அப்படியே இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாமாம். மேவிஸ் சொன்னாள். எனக்குத் தைரியம் வரவில்லை. டாலின் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. அதுதான் கடைசி ஓட்டம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கண் நிறையப் பார்த்திருக்கலாம். பாவி நான், முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்.