ஊதாத சங்கு

விடியுமுன்னே சத்யபிரியா இலஞ்சியிலிருந்த மென்பொருள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வெளியே சாரல் தூவியது; உள்ளே கம்ப்யூட்டர்களின் சூட்டில் அறை புழுங்கியது. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைல் முடியப்போகும் நேரத்தில் மறுபடியும் அதே சிவப்பு வரி: த்ரெட் லைப்ரரி சேரவில்லை. கண் எரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள்.

அரிசி ஆலைகளின் பாய்லரைக் கண்காணிக்கும் மென்பொருள் அது. ஆவியின் அழுத்தத்தைப் பார்ப்பது ஒரு வேலை. அந்தக் கணக்கை நெட் வழியே அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க த்ரெட் வேண்டும். முன்பு இதே பிழை வந்தபோது, நிறுவன முதலாளி காந்திமதிநாதன், "த்ரெட்டை ஆஃப் பண்ணிட்டு கம்பைல் பண்ணுலே" என்று அவளோடு வேலை பார்க்கும் மணிமுத்துவை விரட்டினார். ஆபத்து என்று அவன் சொன்னது எடுபடவில்லை. பிழை மறைந்தது, மென்பொருள் வாசுதேவநல்லூர் ஆலைக்குப் போனது. அங்கே ஒருநாள் நெட் சிக்கியது. கணக்கை அனுப்பக் காத்துக் கிடந்த மென்பொருள் அழுத்தத்தைப் பார்க்கவே இல்லை. அழுத்தம் எகிறியும் ஆபத்துச் சங்கு ஊதவில்லை. குழாய் பிய்ந்து சீறிய ஆவியில் பாய்லர்க்காரர் சொரிமுத்துவின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

காலையில் ஒருவழியாகக் காரணம் பிடிபட்டது. பாய்லரில் மாட்டும் சின்னக் கருவிக்கான லைப்ரரியை விட்டுவிட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரின் லைப்ரரியைக் கம்பைலர் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கருவிக்கென்று புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். பிறகு சோதிக்க வேண்டும்.

எல்லோரும் வேலைக்கு வந்த பிறகு காந்திமதிநாதன் வந்து நின்றார். "இன்னைக்கே இலத்தூர் ஆலைல மாட்டணும். பழையபடி ஆஃப் பண்ணிக் குடு."

"முடியாது சார். இன்னொருத்தர் கை வெந்துபோவும்."

"வெந்தவன் குடிச்சிருந்தாம்னு ஆலைக்காரர் சொல்லுதாரு. மீறி யாராவது கேட்டா, மணிமுத்து தப்புன்னு சொல்லு. அவனை அனுப்பிருதேன். கதை முடிஞ்சுது."

பக்கத்தில் நின்ற மணிமுத்துவின் முகம் செத்துப்போனது. சத்யபிரியாவின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது; ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"ஆஃப் பண்ணச் சொன்னது நீங்க சார். நாங்க எல்லாரும் கேட்டோம்."

"யாரு சம்பளத்துல சோறு திங்கட்டி? வெளிய போ! உன் இடத்துக்கு வரிசைல நிக்காங்க."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வீசினாள் பக்கத்து இருக்கை பெர்சிஸ். "அப்போ என்னையும் சேத்து அனுப்புங்க." நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அறை முழுவதும் எழுந்து நின்றது.

அத்தனை பேரும் வாசுதேவநல்லூர் பஸ் ஏறினார்கள். ஆலை வாசலில் சொரிமுத்துவுக்கு நியாயம் கேட்டுத் தொழிலாளிகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நெல் அவிக்கும் இசக்கிமணி, கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்த இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மிஷின் செஞ்சவியதான? எங்க ஆளு குடிச்சிருந்தாருன்னு சாட்சி சொல்ல வந்தியளோ?"

"இல்லக்கா. சங்கு ஏன் ஊதலைன்னு சொல்ல வந்தோம்."

தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள் சத்யபிரியா. ஆஃப் பண்ணியது தன் கைதான் என்று மணிமுத்துவும் சொன்னான். யாரோ ஒருவர் அவனை அடிக்க எழுந்தார். இசக்கிமணி குறுக்கே கை நீட்டினாள்.

"பொறும். அவனும் நம்மள மாதிரி விரட்டுப்பட்டவந்தான்." பிறகு சத்யபிரியாவிடம் திரும்பினாள். "எங்ககிட்ட மட்டும் சொன்னா போதாது தாயி. கேட்டுக்கு உள்ள இருக்க ஆலை மொதலாளிக்குக் கேக்கணும். சத்தமாச் சொல்லு."

பூட்டிய கேட்டை நோக்கி சத்யபிரியா குரலெடுத்தாள். அவளைச் சுற்றிலும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, எல்லோரும் எழுந்தார்கள்.