மலை வலப்பக்கம்

சட்டமாம், பெரிய சட்டம்! மனசு கலங்கியவர்களுக்காக டில்லியில் அது நிறைவேறிய சேதியை மலை சுற்றும் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலைக்குக் கொண்டுவந்தவர் கட்சிக்காரர் ராஜமாணிக்கம். பொன்னியின் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஏதோ தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவர் மாதிரி பேசினார்.

"இனிமே உன் தம்பிய சங்கிலியில கட்டறேன்னு எவனாவது வந்தா எங்கிட்ட சொல்லு பொன்னி. நம்ம டவுன் ஆஸ்பத்திரியிலயே தனி வார்டு தொறக்கறோம். ஜாஸ்தியாச்சுன்னா கூட்டியா. ஊசி போட்டுத் தூங்க வெப்பாங்க. தெளிஞ்சதும் நீயே வூட்டுக்குக் கூட்டினு போயிடு."

பொன்னி அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள். தம்பி சடையனுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவள் அவள். மனசு கலங்கினால் அவன் சட்டி பானையை உடைப்பான், தெருவே அதிரக் கத்துவான். கோயில் தூணில் கட்டிப்போடச் சொல்லி வந்தவர்களிடம், "என்னைக் கொன்னுட்டு அப்புறம் கட்டுங்க" என்று விட்டாள் ஒரு கத்தல்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மலையைச் சுற்றி நடக்கவிட்டுப் பின்னாலேயே போவாள். மலை வலக்கைப் பக்கம் இருக்கும்வரை சடையன் சாதுவாக நடப்பான். ஒருமுறை எவனோ விளையாட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட, நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். சாமியை இடமாகச் சுற்றக்கூடாது என்பது மட்டும் எந்தக் கலக்கத்திலும் அவனுக்கு மறந்ததில்லை.

தீபத் திருவிழா நெருங்கிய சமயம் அவனுக்கு முற்றிவிட்டது. சுவரில் மோதி மோதி நெற்றி புடைத்திருந்தது. சொல்லி வைத்தாற்போல் ராஜமாணிக்கம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"வார்டு தொறந்தாச்சு. இப்பவே கூட்டியா. ஆஸ்பத்திரின்னா வரமாட்டான். மலை சுத்தலாம்னு சொல்லு."

"அவங்கிட்ட நான் பொய் சொன்னதே இல்லீங்கண்ணா."

"அவன் நல்லதுக்குத்தானேம்மா!"

சொன்னாள். சடையன் உடனே முகம் கழுவி, புடைத்த நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றான். டவுன் வரைக்கும் மலை வலப்பக்கமே இருந்தது. அவனும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

வார்டு வாசலில் திறப்பு விழா ரிப்பன் தொங்கியது. உள்ளே வெறும் கட்டில்கள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வெளியே கம்பி போட்ட போலீஸ் வேன் ஒன்று நின்றது. அதற்குள், மலை சுற்றும் பாதையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவர்கள் அடைந்து கிடந்தார்கள். போலீஸ்காரர் ஏறச் சொன்னார். சடையன் அக்காவைப் பார்த்தான். ஊசி போடும் இடத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து அவள் தலையாட்டினாள். ஏறிவிட்டான். கதவு சாத்திக்கொண்டது.

"எங்கண்ணா கொண்டுபோறாங்க?"

"மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு. ஜட்ஜு உத்தரவு வாங்கியாச்சு, புதுச் சட்டப்படி. தீபத்துக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க, பாதை சுத்தமா இருக்கணும்ல?" ராஜமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீயே கூட்டியாந்தது நல்லதாப் போச்சு. போலீசு வந்திருந்தா அடிச்சி இழுத்துருப்பாங்க."

"அடப்பாவி! உன்ன நம்பினேனே! எவன் கையிலயும் அகப்படாதவன என் வாயாலயே கூப்ட வெச்சிட்டியே!" பொன்னி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். யாரோ பிரித்துவிட்டார்கள். அதற்குள் வேன் வேங்கிக்கால் பக்கம் திரும்பி வேகமெடுத்தது.

பொன்னி தலைமுடி அவிழப் பின்னால் ஓடினாள். சடையன் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு கத்தினான். அதில் கோபமே இல்லை. பாவம், அக்காவுக்குத் தெரியாமல் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்றுதான் அவனுக்குப் பதைப்பு.

"யக்கா! டிரைவரு வழி தப்பிட்டான்க்கா! மலை எடது பக்கம் வருது! நீ சொல்லு, நீ சொன்னா திருப்பிடுவான்!"