கிருமி நிபுணர்

நுண்ணுயிரியல் படித்தவளுக்கு மைக்ராஸ்கோப்போடு வேலை கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும்தானே. எனக்குக் கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டில், பிஸ்கட் அலமாரிக்குப் பக்கத்தில்.

கல்லூரிக் கடைசி வருடம், எதிர்காலத்தில் எங்கே இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். வகுப்பே ஆராய்ச்சிக்கூடம், தடுப்பூசி, வெளிநாடு என்று எழுதித் தள்ளியது. சோப்புக்குப் பக்கத்தில் என்று ஒரு கழுதையும் எழுதவில்லை.

கம்பெனி வெள்ளைக் கோட்டு கொடுத்தது. நெஞ்சில் 'கிருமி நிபுணர்' என்று அட்டை. வாடிக்கையாளர் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தால் புழுக் கூட்டம் தெரியும். எங்கள் சோப்பில் கழுவிவிட்டுப் பார்த்தால் பளிச். உள்ளே இருந்தவை இரண்டு படங்கள். பக்கத்தில் ஒரு திருகு, திருகத் திருகப் படம் மாறும். கழுவி வந்ததும் நான் திருக வேண்டும். பட்டம் வாங்கியது அந்தத் திருகலுக்கு.

வீட்டில் உண்மையைத்தான் சொன்னேன்.

"சோப்பு விக்கிறேம்மா."

"படிச்ச பிள்ளைக்கு அடக்கத்தைப் பாரு" என்று சொல்லி, அம்மா கோட்டைத் துவைத்துத் தெருப் பக்கக் கொடியில் காயப்போட்டாள்.

வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவாகும் நாள் வந்தது. மேலாளர் கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அன்று பார்த்துக் குடும்பமே வந்து இறங்கியது. அம்மா, பெரியம்மா, ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு அப்பா.

பெரியம்மா நேராக என் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"இந்த முட்டிதான்டி. படி ஏறுனா கடக்குங்குது."

"நான் டாக்டர் இல்ல பெரியம்மா."

"ஃபீஸ் தராம ஓடிருவேன்னு பாக்குறியா? தொட்டுப் பாரு."

தள்ளுவண்டியோடு போன ஒருவர் நின்றார். "இலவச முகாமா?"

"ஆமாங்க. எங்க பொண்ணுதான்" என்றாள் அம்மா.

வரிசை அரிசி மூட்டை வரை நீண்டது. ஒருவர் அதற்குள்ளேயே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டியது.

அந்தக் குழப்பத்தில் அப்பா விரலை வைத்ததுமே திருகிவிட்டேன்.

"அடேங்கப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கறுத்த கையை வரிசைக்கே தூக்கிக் காட்டினார் அப்பா.

அம்மா விடுவாளா? முழங்கை வரை எங்கள் சோப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து குனிந்தாள். கழுவி வந்ததும் திருகிப் பழகிய கை, திருகியது. நிமிர்ந்தபோது அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எனக்குப் புழுவா இருக்குடி."

"வீட்டுல யாரு சுத்தம்னு இப்பவாவது தெரிஞ்சுதா" என்றார் அப்பா. வரிசையே சிரித்தது.

மேலாளர் என் காதோரம் குனிந்தார். "திரும்பக் கழுவச் சொல்லு. சரியா திருகு. வேலை உனக்குத்தான்."

அம்மா தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு வீட்டுப் பாத்திரம் கழுவுற கைடி இது. இதுல எப்படி?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"புழு உன் கையில இல்லம்மா. உள்ள ஒட்டியிருக்கிற படத்துல இருக்கு." எல்லோரும் பார்க்கத் திருகினேன். "இது அழுக்கு. இது சுத்தம். இது அழுக்கு. வாங்க, நீங்களே திருகுங்க."

முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். நாக்கு நீட்டியவர் இரண்டு தடவை திருகினார். கிருமி புழு மாதிரி இருக்காது, எந்தச் சோப்பானாலும் நன்றாகத் தேய்த்தால் போதும் என்று நான் பாட்டுக்குப் பொழிந்து தள்ளினேன். படித்தது வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

"கோட்டைக் கழட்டு" என்றார் மேலாளர்.

கழற்றினேன். பெரியம்மா ஸ்டூலை விட்டு அசையவில்லை. "குடுக்கறதுக்கு முன்னாடி முட்டியைப் பாத்துருடி."

பஸ் நிறுத்தத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா பிடித்துக்கொண்டார். "என்ன, டாக்டரம்மா வேலை நேரத்துல வெளிய?"

"விட்டுட்டா" என்றாள் அம்மா, கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "லேப் சரியில்ல."

வழக்கம்போலத் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். திருத்த அதில் ஒன்றுமே இல்லை. பஸ் வரும் வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.