இடைச்செருகலான நூலகர்

நூலகராகி முப்பத்தோராவது ஆண்டில், நான் இடைச்செருகல் என்று சந்தேகம் எழுந்தது. அதாவது, நூலகத்தை மூலத்தில் எழுதியவர் என்னை எழுதவில்லை. பின்னால் வந்த யாரோ நடுவில் நுழைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அதற்கான படிவம் என் மேஜையில் இருந்தது. பெயர்: கெஸ்லிங், வோல்ஃப்ராம். ஊர்: ஆல்டன்ஃபுர்ட், ஜெர்மனி. நிலை: ஐயத்துக்குரியது.

எனக்குக் கோபம் வரவில்லை. இது என் தொழில். ஒரே ஒரு கிரேக்க நாடகத்தை வாழ்நாள் முழுக்கப் பதிப்பித்து, அதில் ஆயிரத்து இருநூறு வரிகளைப் போலி என்று அடைப்புக்குறிக்குள் தள்ளியவன் நான். இப்போது அந்த நாடகத்தில் ஒரு காவற்காரனும் கொஞ்சம் மழையும்தான் மிச்சம்.

ஒவ்வொரு நூறு வரிக்கும் எனக்கு ஒரு பதவி உயர்வு. ஒவ்வொரு உயர்வுக்கும் என் அறைக்குப் போகும் தாழ்வாரம் அரை மைல் நீளும். கடைசியில் அறைக்குப் போய்ச் சேரவே பகல் பதினொன்றாகிவிடும். ஊரில் நல்ல மரியாதை.

விசாரிக்க வந்தவர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபே. கையில் அளவுகோல் வைத்திருந்தார்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றார்.

நின்றேன். தாழ்வாரம் உடனே என் உடம்பின் அகலம் குறைந்து, நான் இருந்த இடைவெளியை மூடிக்கொண்டது. வாசகர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாருங்க, நீங்க இல்லாம நல்லாவே ஓடுது."

"காலையில எல்லாருக்கும் வணக்கம் சொல்றேனே?"

"அதுதான் உதைக்குது. இந்தக் கட்டடத்துல வேற யாரும் சொல்றதில்ல. நடை ஒத்துப்போகல."

இரண்டும் போலி வரிகளைக் கண்டுபிடிக்க என் புத்தகத்தில் நானே வகுத்த சோதனைகள். மூன்றாவது, சாட்சி. என் மனைவி ஒட்டிலியைக் கூப்பிட்டார்கள். மாவு அப்பிய கையோடு வந்தாள்.

"இவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது சொல்லுங்க," என்றார் ராபே.

"முட்டைக்கோஸ் பிடிக்காது."

"யார் சொன்னது?"

"இவர்தான்."

ராபே பெருமூச்சு விட்டார். ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிய நகலைத் தனிச் சாட்சியாக எடுக்கக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான், மூன்றாம் பதிப்பு. ஒட்டிலி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தீர்ப்பை யாரு எழுதுறது?" என்று கேட்டேன்.

"இந்த நாட்டுல உங்கள விட்டா ஆள் ஏது?"

எழுதினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். ஆதாரங்களைப் புரட்டப் புரட்ட உற்சாகம் வந்துவிட்டது. ராபே கவனிக்காத ஐந்து காரணங்களை நானே தேடிப்பிடித்துச் சேர்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கச்சிதமாக ஒரு கட்டுரை எழுதியதில்லை. போலி என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். சுற்றி நின்றவர்கள் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் ஊரில் அறிஞர்களுக்கு அதுதான் கைதட்டல்.

தச்சர் இரண்டு அடைப்புக்குறிகளைக் கொண்டுவந்தார். ஓக் மரம், ஆள் உயரம். எனக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் பொருத்தினார்.

"இறுக்குதுங்களா?" என்று கேட்டபடியே கடைசித் திருகாணியை முறுக்கினார்.

"கொஞ்சம்."

ஆணி இறங்கிவிட்டிருந்தது. அவர் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்டிவிட்டு வாசிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் ரொட்டி கொடுத்தார். நூலகம் போனால் போகட்டும். ஒட்டிலியும் என்னைத் தாண்டிவிட்டால் நான் எங்கே போவேன்? கட்டுரை எழுதிய மும்முரத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக் கதவில் குறிகள் இடித்தன. பக்கவாட்டில் நுழைந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தட்டு வைத்திருந்தது. ஒட்டிலி அலமாரியைப் பார்த்துப் பேசினாள்.

"தீர்ப்பு நாற்பது பக்கம் இருக்கு."

"நாற்பத்திரண்டு," என்றேன்.

"ராபே குடுத்துட்டுப் போனார். முழுசாப் படிச்சேன். ஒரு எடத்துலகூடத் தப்பு இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவள் தட்டில் சூப்பை ஊற்றினாள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, இடப்பக்கக் குறியின் அடி வளைவைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தாள்.

"வேண்டாம் ஒட்டிலி. உள்ள வந்தா நீயும் போலின்னு ஆயிரும். உன்னையும் எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க."

"தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. இது என் துறை. வலப்பக்கக் குறியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு நாற்காலி அகலத்துக்கு நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். "அடுப்பும் உள்ள வரட்டும்."