ஓட விட்டுப் பிடித்த தண்ணீர்

டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, கணவனும் மனைவியும் குழந்தையோடு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. இரண்டு வயது தாண்டியும் அவள் பேசாததற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம், வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள் என்றார். அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர்க் குழாய்த் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. மாடியில் குடியிருக்கும் அண்ணி அவனுக்கு வைத்த பெயரே 'தண்ணி ஆபீசர்'.

"நம்ம வீட்டுத் தண்ணிய நானே பிடிச்சு அனுப்பினேன். சுத்தம்னுதான் வந்துச்சு," என்றான், வீட்டுக்குள் நுழைந்ததும்.

மனைவி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "எப்படிப் பிடிச்சீங்க?"

எல்லா வீட்டிலும் பிடிப்பதுபோலத்தான். குழாயைத் திறந்து, தண்ணீர் சில்லென்று வரும்வரை ஓட விட்டு, அப்புறம் பாட்டிலை நீட்டுவான். கிருமிச் சோதனைக்கென்று சொல்லிக்கொடுத்த முறை அது. கை பழகிவிட்டதால் எல்லாச் சோதனைக்கும் அப்படியே பிடித்தான். ஓட விட்டால், குழாயில் தேங்கி ஈயம் ஊறிய தண்ணீர் முதலிலேயே போய்விடும் என்பது சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நான் ஓட விட்டதே இல்லையே," என்றாள் அவள். "ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு நீங்கதானே உயிர வாங்குவீங்க. ராத்திரி பூரா குழாய்க்குள்ள கெடந்த தண்ணிதான் காலைல முதல்ல வருது. அதுலதான் பாப்பாவுக்குப் பால் கலக்கினேன். நல்லாக் கொதிக்க வச்சுத்தாங்க குடுத்தேன்."

காய்ச்சினால் ஈயம் போகாது. சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அலட்சியமான தாயாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுப்படிச் சுவரில், பெயிண்ட் பூசிய குழாயைச் சாவியால் சுரண்டினான். மெழுகில் விழுவதுபோல் கீறல் விழுந்து, வெள்ளியாகப் பளபளத்தது. ஈயக் குழாய். மகள் எட்டி அதில் விரலை வைத்து அவனைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கிற பார்வை. கேட்க வார்த்தைதான் இல்லை. ஓட விட்டுப் பிடித்த வீடுகளெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அத்தனை அடுப்படியிலும் யாரோ ஒருத்தி, சுத்தம் என்று இவன் சொன்னதை நம்பிக் குழாயைத் திறக்கிறாள்.

அப்போது சுவருக்குள் குழாய் லேசாக அதிர்ந்தது. மேலே யாரோ தண்ணீர் திறந்திருக்கிறார்கள்.

"மாடி அக்கா," என்றாள் மனைவி. "கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணி ஆகுமான்னு உங்களத்தானே கேட்டாங்க? போய்ச் சொல்லுங்க. ஓடுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் அண்ணி என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருந்தான்.

செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படி ஏறினான். கதவு திறந்தே இருந்தது. அண்ணி கட்டிலில் சாய்ந்து, மடியில் குழந்தையைக் கிடத்தியிருந்தாள்.

"வாங்க தம்பி. மெதுவா பேசுங்க," என்று சிரித்தாள். "காலைலேருந்து அடம். இப்பத்தான் குடிக்கிறான்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தையின் வாயிலிருந்த பால் பாட்டிலுக்குள் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. பால் இறங்கிக்கொண்டே இருந்தது.